கருமணலிடம் கேட்க இரண்டு கேள்விகள்

"அருங்காட்சியகத்தில் மணவாளக்குறிச்சி மணலிலிருந்து எடுத்த கனிமங்கள் என்று ஆறு குப்பிகள் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி பொடி. எப்படிப் பிரித்தார்கள் என்று மகள் கேட்கிறாள்" என்று நாகர்கோவில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட்: அந்த ஆறும் இவையாகத்தான் இருக்கும்.

முதல் வேலையைக் கடலே செய்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியாகக் கடலுக்கு வருகின்றன. ஏறி வரும் அலை எல்லா மணலையும் கரையில் தள்ளும். திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு கிடையாது; லேசான குவார்ட்ஸை, அதாவது சாதாரண வெளிர் மணலை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். சுளகில் புடைத்ததுபோல, கனமானது கரையில் தங்கிவிடும். குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு, இல்மனைட்டுக்கோ சுமார் 4.7 மடங்கு.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு, மோனசைட்டில் இருக்கும் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கயிற்றைப் பிடித்து மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார்.

சரி, ஆலைக்குள் போவோம். மணலை நீரோடு கலந்து சுருள் தொட்டிகளில் ஓடவிட்டு மிச்ச குவார்ட்ஸைக் கழிப்பார்கள். அப்புறம் நன்றாக உலர்த்துவார்கள். ஈரம் இருந்தால் எல்லா மணியின் மேற்பரப்பும் மின்சாரத்தைக் கடத்திவிடும், அடுத்த கட்டம் கெட்டுப்போகும்.

அந்த அடுத்த கட்டம்தான் எனக்குப் பிடித்தது. தரையிணைப்பு கொடுத்த உலோக உருளை ஒன்று சுழல்கிறது. அருகே மெல்லிய கம்பி ஒன்றில் இருபதாயிரம் வோல்ட்டுக்குக் குறையாத மின்னழுத்தம். கம்பியைச் சுற்றியுள்ள காற்று அயனியாகி, உருளைமேல் விழும் மணல்மீது மின்னூட்டத்தைத் தூவுகிறது. இதில் பாரபட்சமே இல்லை, எல்லா மணிக்கும் கிடைக்கும். வித்தியாசம் கிடைத்ததை வைத்துக்கொள்வதில்தான். இல்மனைட்டும் ரூட்டைலும் ஓரளவு மின்சாரம் கடத்தும். வாங்கிய மின்னூட்டத்தை நொடிக்கும் குறைவான நேரத்தில் உருளைக்குக் கொடுத்துவிடும். பிடிப்பு போய்விடுவதால் சுழற்சியின் வேகத்தில் எகிறி முன்னால் விழும். சிர்கான், மோனசைட் போன்றவை கடத்தாது. அவற்றின் மின்னூட்டம் எதிரே உள்ள உலோகப் பரப்பில் எதிர் மின்னூட்டத்தை வரவழைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வேறு பசை எதுவும் இல்லை, தன் மின்னூட்டத்தாலேயே மணி உருளையோடு ஒட்டிக்கொண்டு பின்பக்கம் வரை போகிறது. அங்கே தூரிகையால் தட்டிவிட வேண்டியிருக்கிறது!

மிச்சம் காந்தத்தின் வேலை. கடத்தும் கூட்டத்தில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூட்டைலை இழுக்காது. கடத்தாத கூட்டத்தில் கார்னெட்டும், வலுவான காந்தத்துக்கு மோனசைட்டும் வரும். சிர்கானும் சில்லிமனைட்டும் வராது. கடத்துவாயா, காந்தத்துக்கு வருவாயா என்ற இரண்டு கேள்வியில் நான்கு கூட்டம். கூட்டத்துக்குள் கலந்திருப்பதை மறுபடி அடர்த்தியை வைத்துப் பிரிக்கலாம்.

கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் பலநிற மணலை, நின்றுபோன அம்மன் கல்யாணத்தின் அரிசியும் பருப்பும் என்பார்கள். அந்தக் கதையால் யாருக்கும் கெடுதல் இல்லை. தோரியத்தின் கதிர்வீச்சு பற்றிய வதந்திகள் அப்படியல்ல. இதே மோனசைட் மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் எழுபதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவு வெளியிட்டார்கள். அதை அப்படியே தூக்கி நம் கரையில் பொருத்திவிட முடியாது. மணல் எடுப்பதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இங்குள்ள மீனவ ஊர்களில் அதே அளவு பொறுமையான ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகரின் மகளுக்கு: பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நியோடிமியம் காந்தத்தைக் கழற்றித் தரச் சொல். அந்தப் பாக்கெட் மணலைக் காகிதத்தில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்து. கறுப்பு மணிகள் கூடவே நகரும். நியோடிமியமும் மோனசைட்டில் இருக்கும் தனிமம்தான்.