சொந்த ஊரில் தொழில் தொடங்க 35 விழுக்காடு மானியம்: கணக்கும் நிபந்தனைகளும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரி ஊர்களில், அறுவடை முடிந்த கையோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் பேருந்து ஏறுவது நெடுநாள் வழக்கம். ஊரிலேயே சிறுதொழில்கள் தோன்றி அவற்றில் சிலருக்கேனும் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக, மத்திய அரசு முன்பிருந்த இரு திட்டங்களை இணைத்து 2008-இல் கொண்டுவந்ததே பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். தேசிய அளவில் காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் இதை நடத்துகிறது. மாவட்ட அளவில் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

2022-இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் ரூபாய் வரையிலும் திட்ட மதிப்பீடு இருக்கலாம். ஊரகப் பகுதியில் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடும் சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம். நகர்ப்புறத்தில் இது முறையே 15, 25 என்று குறையும். சிறப்புப் பிரிவு என்றால் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டும்தான் என்று பலர் எண்ணி, 25 விழுக்காட்டுக்கே கணக்குப் போடுகிறார்கள். இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோரும் அதில் அடங்குவர். ஆகவே இவ்விரு மாவட்டங்களிலும் விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் 35 விழுக்காட்டுக்கே உரியவர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், புளியைக் கொட்டை நீக்கிப் பொட்டலமிடும் தொழிலை 10 இலட்சம் ரூபாயில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் கைப்பணமாக 5 விழுக்காடு, அதாவது 50,000 ரூபாய் போட வேண்டும் (பொதுப்பிரிவினருக்கு 10 விழுக்காடு). மீதி 9.5 இலட்சத்தையும் வங்கி கடனாகத் தரும். மானியமான 3.5 இலட்சம் அவர் கைக்கு வராது; அவர் பெயரில் அதே வங்கிக் கிளையில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அதற்கு ஈடான தொகைக்கும் வட்டி போட மாட்டார்கள். எனவே தொடக்கத்தில் வட்டி 6 இலட்சத்துக்குத்தான். மூன்று ஆண்டுகள் கழிந்து, தொழில் நடப்பதை நேரில் வந்து பார்த்த பின்னரே மானியம் கடனில் வரவு வைக்கப்படும். மானியத்துக்காகவே கடன் வாங்க நினைப்பவர்களுக்கு இது உகந்த திட்டமன்று.

இடமும் முக்கியம். இதே தொழிலைத் தருமபுரி நகராட்சி எல்லைக்குள் அமைத்தால் மானியம் 2.5 இலட்சமாகிவிடும், கொட்டகை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதற்கு ஒரு இலட்சம் ரூபாய் விலை.

விண்ணப்பதாரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வருமான வரம்பு இல்லை. உற்பத்தியில் 10 இலட்சத்துக்கும் சேவையில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே உதவி கிடைக்கும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும், வேறு அரசு மானியம் பெற்ற தொழிலுக்கும் இடமில்லை. மது, புகையிலை சார்ந்தவை விலக்கப்பட்டவை. நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது; கொட்டகை வாடகையைச் சேர்க்கலாம். 10 இலட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே. ஆதார், சாதிச் சான்று, திட்ட அறிக்கை, ஊரகப் பகுதிச் சான்று ஆகியவை வேண்டும். வங்கி கூர்ந்து பார்ப்பது திட்ட அறிக்கையைத்தான். கிருஷ்ணகிரியில் மாங்கூழோ தருமபுரியில் புளியோ, சரக்கு சில மாதங்களே வரும். அந்த மாதங்களில் வாங்கி இருப்பு வைக்கத் தேவையான நடைமுறை மூலதனத்தை அறிக்கையில் குறைத்துக் காட்டினால், இயந்திரம் வந்தும் சரக்கு வாங்கப் பணம் இராது. இந்த நெறிமுறைகள் 2025-26 நிதியாண்டு வரைக்கும் வகுக்கப்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விகிதங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டும்.