பொறி நிறைய ஈ, காய் நிறைய புழு: ஏன்?

மாந்தோப்புக்குப் போனால் பலரும் முதலில் காட்டுவது பொறியில் செத்துக் கிடக்கும் பழ ஈக்களைத்தான். "இவ்வளவு மாட்டியிருக்கு, அப்புறமும் காய்க்குள்ள புழு வருதே சார்?" என்று கேட்பார்கள். மீத்தைல் யூஜினால் என்ற மணப்பொருளை வைத்த இந்தப் பொறியில் விழுவது ஏறக்குறைய எல்லாமே ஆண் ஈ. காயைக் குத்தி முட்டை வைப்பது பெண். பொறியை விற்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஆண் அந்த மணத்துக்கு ஓடுவது இணைசேரத்தான். துளசியிலும் இருக்கும் இந்தப் பொருளைத் தின்று, உடலுக்குள் மாற்றி, அந்தி நேரத்தில் பெண்ணை ஈர்க்கும் மணமாக வெளியிடுகிறது.

பெண்ணின் தேவை வேறு. மண்ணுக்குள் இருக்கும் கூட்டிலிருந்து வந்தவுடன் அதன் வயிற்றில் முதிர்ந்த முட்டை கிடையாது, புரதம் தின்றால்தான் முட்டை முதிரும், அதனால் பறவை எச்சம், இலைமேல் வளரும் பாக்டீரியா, தத்துப்பூச்சி விடும் இனிப்புக் கழிவு என்று ஒரு வாரத்துக்கும் மேல் மேய்ந்துகொண்டே இருக்கும். தின்ற புரதத்தை முட்டையாக்குவதில் மூளைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னச் சுரப்பி விடும் ஜுவனைல் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆணிலும் இதற்குப் பங்கு உண்டு: ஈப் பெருக்கத்தைக் குறைக்க மலட்டு ஆண் ஈக்களை வளர்த்து விடும் திட்டங்களுக்காக அனஸ்ட்ரெஃபா என்ற பழ ஈ வகையில் சோதித்தபோது, அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மெத்தோபிரீனைப் புரத உணவோடு கொடுத்தார்கள். ஆண்கள் சில நாள் முன்னதாகவே இணைசேரத் தயாராகிவிட்டன.

வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டி ஈயான டிரோசோபிலாவில் உணவுக்கும் முட்டைக்கும் உள்ள இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரியும். இணைசேரும்போது ஆணின் விந்துத் திரவத்தோடு 'செக்ஸ் பெப்டைடு' என்ற சின்னப் புரதம் பெண்ணுக்குள் போகிறது. அதன் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் அவள் வேறு ஆணை ஒதுக்குகிறாள், ஈஸ்ட்டைத் தேடித் தின்கிறாள், முட்டையைக் கூட்டுகிறாள். ஜுவனைல் ஹார்மோன் ஏறி அவள் குடலே பெரிதாகிறது என்று 2015-இல் காட்டினார்கள். பசியும் இனப்பெருக்கமும் ஒரே கயிற்றில் கட்டியவை.

சரி, தோப்பில் என்ன செய்வது? ஆண் பொறியைக் காய் முற்றத் தொடங்கும் முன்பே கட்டுங்கள். ஆண்கள் இணைசேர்ந்த பிறகு பிடிபட்டுப் பயன் குறைவு. பெண்ணுக்குப் புரத ஹைட்ரோலைசேட்டோடு (சிதைத்த புரதம்) பரிந்துரைத்த மருந்தைக் கலந்து, மரம் முழுக்க அடிக்காமல் அங்கங்கே இலைகளில் மட்டும் தெளியுங்கள், முட்டை வைக்குமுன் அந்தப் பசியே அவளை அங்கே இழுத்து வரும். மழை பெய்தால் கழுவிப் போகும், திரும்பவும் அடிக்க வேண்டும். விழுந்த பழத்தை மட்டும் மரத்தடியில் விட்டுவிடாதீர்கள்: புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டும். மேலாகப் புதைத்தாலும் ஈ வெளியே வந்துவிடும், ஆழக் குழி தோண்டுங்கள், இல்லையென்றால் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள்.