லினக்ஸ் போடும் முன் பிரிண்டரைப் பாருங்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் 18 வருஷமாகக் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரே கேள்விதான். லேப்டாப் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் 11 மட்டும் ஏற மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 2015-இல் வாங்கிய ஐ3 லேப்டாப் இதில் தேறாது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கோடு இல்லை. அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இன்னொரு இயங்குதளம் லினக்ஸ், அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பேன். அடுத்த நொடி, "அது ஃப்ரீ தானே?" என்பார்கள்.

ஃப்ரீதான். அந்தச் சொல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு பிரிண்டர் கதை.

திருநகரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன். உள்ளீட்டு முறை அமைப்பில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் இரண்டையும் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. பழைய டைப்ரைட்டர் முறையும் அதிலேயே உண்டு. ஐயா கடையில் உட்கார்ந்தே ஒரு வெண்பாவை அடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, பிரிண்டு வரலையே."

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊரில் பாதி ஜெராக்ஸ் கடையில் நிற்குமே ஒரு சின்ன கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர், அதே ஜாதி. கட்டளை கொடுத்தால் வரிசையில் போய் நிற்கிறது, 'முடிந்தது' என்கிறது, மறைந்துவிடுகிறது. பிரிண்டரில் பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது. தாள் அசையவில்லை.

இந்த வகைப் பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. சில பிரிண்டர்கள் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழிகளைப் புரிந்துகொள்ளும்; எந்தக் கணினியும் அவற்றோடு பேசலாம். விலை மலிவான பலவற்றில் பக்கத்தை வரைகிற வேலை முழுவதையும் கணினியிலிருக்கும் டிரைவரே (பிரிண்டரை இயக்கும் சின்ன மென்பொருள்) செய்து, தயாரித்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த ரகசியப் பாஷையில் அனுப்புகிறது. டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. நிறுவனம் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் கொடுத்திருந்தது. கொடுத்துப் பல வருஷமாகிவிட்டது. 32 பிட் காலத்து நூலகங்களைக் கேட்டது. அதையெல்லாம் தேடி ஏற்றினால் ஒரு பக்கம் வந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி மௌனம்.

பிறகுதான், யாரோ ஒரு நிரலர் அந்த ரகசியப் பாஷையைத் தானே ஆராய்ந்து எழுதி வெளியிட்டிருந்த இன்னொரு டிரைவர் கிடைத்தது. அதன் மூல நிரலை, அதாவது நிரலர் எழுதிய வடிவத்தை, இறக்கி அங்கேயே கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினேன் (கம்பைல் என்பார்கள்). மூன்றாவது முயற்சியில் தாள் சரசரவென்று உள்ளே போய் வெளியே வந்தது. ஐயா அந்தச் சோதனைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இத எழுதினவருக்கு யாரு சம்பளம் கொடுக்கிறா?"

"யாரும் கொடுக்கலைங்கய்யா."

"அப்புறம் எதுக்கு மெனக்கெட்டாரு?"

"அவர் வீட்லயும் இதே பிரிண்டர் இருந்திருக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் கட்டற்ற மென்பொருள் இயக்கமே கிட்டத்தட்ட இப்படி ஒரு பிரிண்டரிலிருந்துதான் தொடங்கியது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அங்கே நிரலராக இருந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அதைச் செய்ய நினைத்தார். மூல நிரல் வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பது தெரிந்து நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

தாள் சிக்கியதை எடுத்துவிடலாம். ஒப்பந்தத்தை எடுக்க முடியவில்லை. 1983 செப்டம்பர் 27-இல் ஸ்டால்மன், யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 1989-இல், மென்பொருளைக் கட்டற்றதாகவே வைத்திருக்கும் ஜிபிஎல் உரிமம். 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மறுவருஷமே அந்த உரிமத்துக்குள் வந்தது. நாம் சுருக்கமாக லினக்ஸ் என்று கூப்பிடுவது க்னூவும் இந்தக் கருநிரலும் சேர்ந்த உருப்படியைத்தான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததற்கும் வரும், கட்டில்லாததற்கும் வரும். விளக்கிச் சொல்லியே அவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம்; உள்ளே பார்த்து மாற்றலாம்; நகலைப் பிறருக்குக் கொடுக்கலாம்; மாற்றியதையும் கொடுக்கலாம். நான்கு உரிமைகள், 0-விலிருந்து 3 வரை எண்ணுவார்கள். நிரலர்களின் பழக்கம் அது. இதில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காசுக்கும் விற்கலாம்.

"மாத்தறதுக்கு எனக்கு என்ன தெரியும், எனக்கெதுக்கு இந்த உரிமை?" என்று கேட்பவர்களிடம் கீழமாசி வீதி மளிகைக் கடை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வேன். பில் போட ஒரு மென்பொருளை யாரோ ஒருவர் விற்றுவிட்டுப் போனார். ஆறு வருஷக் கணக்கு அதில். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது முதற்கொண்டு அதற்குள்தான். ஒரு நாள் 'உரிமம் முடிந்தது' என்று திரையில் வந்தது. விற்றவரின் எண் ஸ்விட்ச் ஆஃப். கணினி அண்ணாச்சியுடையது, கணக்கு அண்ணாச்சியுடையது, உள்ளே போக மட்டும் அனுமதியில்லை. உள்ளே கிடந்தது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஓர் அக்சஸ் தரவுத்தளக் கோப்பு. அதைத் திறந்து எக்செல் தாளுக்கு மாற்ற எனக்கு நான்கு நாள் ஆனது. அண்ணாச்சிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரி பார்க்கச் சொல்ல வழி இருந்தால் போதும்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. பல வருஷம் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்தவன்தான். காசு கட்டிய விண்டோஸ் போலக் காட்டும் ஆக்டிவேட்டர் என்ற நிரல், ஓடும் முன் "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று கேட்கும். நிறுத்துவேன். திருட்டுச் சாவி செய்பவன், நாயைக் கட்டிப் போடச் சொல்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கணினியில் இருந்த எல்லாக் கோப்புகளும் ஒரே இரவில் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் குறிப்பு மட்டும் திறந்துகொண்ட நாளில்தான் அந்தத் தொழிலை விட்டேன். ஆக்டிவேட்டர் வழியாகத்தான் வந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. மனசுக்குத் தெரியாதா?

2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் நினைவிருக்கும். விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. "அண்ணே, இத அழிச்சிருங்க" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். நானும் என்ன ஏதென்று பார்க்காமல் அழித்துக் கொடுத்தேன். கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருஷமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது.

சரி, லினக்ஸில் பல வகை உண்டே, எதைப் போடுவது? இதில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். வீட்டுக்கு மின்ட் போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ராம் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 இருந்தால் சினமன் பதிப்பு. உபுண்டு என்றால் இரட்டைப்படை வருஷத்து ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு மட்டும். அதற்கு 5 வருஷம் ஆதரவு. பில் போடும் மேசையில் வருஷக்கணக்கில் மாறாமல் ஓட வேண்டும் என்றால் டெபியன். திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து வரும் பொறியியல் தம்பிகள் மட்டும் வந்ததும் வராததுமாகக் காளி லினக்ஸ் கேட்பார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கானது. அதில் பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிப்பது தீயணைப்பு வண்டியில் காய்கறி வாங்கப் போகிற மாதிரி.

எதுவானாலும் முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்கைத் தொடாமலே முழு லினக்ஸும் அதில் ஓடும். வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் தாளைத் துப்புகிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்கில் போடலாம். புது பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' (ஆப்பிள் கருவிகளிலிருந்து நேரடியாக அச்சிடும் வசதி) என்று இருக்கிறதா பாருங்கள். உங்களிடம் ஐபோன் இருக்க வேண்டியதில்லை. அந்த வசதி உள்ள பிரிண்டர்கள் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸிலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. புதிய லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே போட்டிருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவியை எழுதி வைக்காமல், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் கை வைக்காதீர்கள்.

எல்லோரையும் நான் மாறச் சொல்வதில்லை. டாலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் ஓடாத கடைக்கு விண்டோஸ்தான். ஃபோட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோவுக்கும் அப்படியே. விண்டோஸ் 10-ஐ விட முடியாத வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. நாமாகப் பதிவு செய்ய வேண்டும்.

உசிலம்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்காவையும் திருப்பித்தான் அனுப்பினேன். பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று அவர் போட்ட அழைப்பிதழ் எல்லாம் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு. எழுத்துரு பாமினி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வந்தது. அடோபி அதைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. லினக்ஸில் கிடைக்கும் லிபரேஆபீஸ் டிரா அந்தக் கோப்புகளை ஓரளவு திறக்கும், ஆனால் வரிகள் இடம் மாறிவிடும். முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் யார் அதைச் சரி செய்துகொண்டிருப்பது? பாமினியில் அடித்ததெல்லாம் கணினியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துதான். மணமகன் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் கிடைக்காது. இனிமேல் வரும் புது வேலையை மட்டும், கணினி தமிழாகவே அறியும் யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள், பழையதை விண்டோஸிலேயே வைத்திருங்கள் என்றேன். "அப்ப நான் எப்பத்தான் மாறுறது?" என்றார். அந்தப் பழைய கோப்புகளின் அலமாரி காலியாகும்போது, என்றேன். அதற்கு நாலைந்து வருஷமாவது ஆகும்.

கடைக்கு வருகிறவர்கள் பிரிண்டரின் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்து வாருங்கள். அன்றாடம் திறக்கும் மென்பொருள்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். போட்டோக்களை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு வாருங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள். போன வாரம் மட்டும் மூன்று பேர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள், ஒருவர் மேலூரிலிருந்து பஸ் ஏறி.