கொச்சியில சன்செட் போட் டிரிப் புக் பண்றீங்களா? திரும்பி வர்ற நேரத்தையும் கேட்டுக்கோங்க

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து கொச்சிக்கு ஃபேமிலி குரூப், கம்பெனி குரூப் கூட்டிட்டுப் போறதுதான் நம்ம பொழப்பு. கொஞ்ச நாளா வர்ற போன்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்குங்க, "மெரைன் டிரைவ்ல பிரைவேட்டா ஒரு போட் வேணும், சன்செட் டைம்ல, கேக் கட் பண்ணனும், பலூன் கட்டணும், எவ்ளோ ஆகும்?" வெட்டிங் டே, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், பொண்ணுகிட்ட ப்ரொபோஸ் பண்றது, ஆபீஸ் டீம் அவுட்டிங்னு காரணம்தான் மாறும். ரேட் கேப்பாங்க, ஏசி இருக்கான்னு கேப்பாங்க, ஸ்பீக்கர் இருக்கான்னு கேப்பாங்க. எத்தனை மணிக்குத் திரும்பி ஜெட்டிக்கு வருவோம், அப்போ வெளிச்சம் இருக்குமான்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

சன்செட் பாக்கறதுக்குன்னு போற டிரிப் எதுவா இருந்தாலும் அது முடியறது இருட்டுலதான். நம்ம ஊர்ப் பக்கமெல்லாம் சூரியன் எறங்கிட்டா 20, 25 நிமிஷத்துல கும்மிருட்டு ஆயிடும், அந்த நேரத்துல நீங்க காயல் நடுவுல இருப்பீங்க, குழந்தைங்க தூக்கத்துல சிணுங்கும், பெரியவங்களுக்குப் படி தெரியாது, பாதிப் பேர் போன்ல போட்டோ பாத்துட்டு இருப்பாங்க. ஆபத்துன்னா போற வழியை விட வர்ற வழியிலதான் ஜாஸ்தி. அதனால போகும்போது என்ன பாக்கலாம்னு பிளான் பண்றதுக்கு முன்னாடி வர்றதைப் பிளான் பண்ணுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன், சில பேரு "என்னங்க பயமுறுத்துறீங்க"ன்னு வேற ஏஜென்ட்கிட்ட போயிடுவாங்க, பரவால்ல.

முதல்ல ஒரு ஏமாத்தத்தைச் சொல்லிடறேன். மெரைன் டிரைவ்ல இருந்து கெளம்பற பெரும்பாலான பிரைவேட் போட்ல சூரியன் கடல்ல விழறதை நீங்க பாக்க முடியாது. மெரைன் டிரைவ் மேற்கு பாத்த மாதிரி இருந்தாலும் எதிர்ல போல்காட்டி, வல்லார்பாடம், அதுக்குப் பின்னாடி வைப்பின்னு தீவு தீவா கெடக்கு, சூரியன் தென்னை மரத்துக்குப் பின்னாடிதான் போகும். கடல் ஓரமா பாக்கணும்னா ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவுல இருக்கற அழிமுகம், அதாவது காயல் கடல்ல கலக்கற வாய், அது வரைக்கும் போகணும். சீன வலை நிழலாத் தெரியற அந்த போட்டோ வேணும்னாலும் அங்கதான், வலைக்குக் கெழக்கால போட் நிக்கணும். உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கின போட் அந்த வாயைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகக்கூடாது. "கொஞ்ச தூரம் வெளிய போலாம் சேட்டா"ன்னு காசு சேத்து நீட்டற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், ஒத்துக்கற போட்காரரையும் பாத்திருக்கேன். அந்த இடத்துல மேற்குக் காத்து உள்ள அடிக்கும்போது வத்தம் வெளிய இழுத்துச்சுன்னா, அதாவது காயல் தண்ணி கடலுக்குப் போற நேரமா இருந்தா, அலை செங்குத்தா எழும்பும், அடி தட்டையான போட்டுக்கு அது சரிப்படாது. கடலுக்குள்ளயே போகணும்னா கேரள அரசோட கப்பல் கழகமான கேஎஸ்ஐஎன்சி நடத்தற சாகர ராணி, நெஃபர்டிட்டி மாதிரி அதுக்குன்னே இருக்கற கப்பல்ல டிக்கெட் போட்டுப் போங்க. பிரைவேட்டா இருக்காது, கூட்டத்தோட கூட்டமாத்தான் போகணும், ஆனா கடல்ல போவீங்க.

நேரக் கணக்கு இதுங்க. கொச்சியில நவம்பர் நடுவுல 6 மணிக்கெல்லாம் சூரியன் எறங்கிடும், ஜனவரி கடைசில 6.30 வாக்குல, ஏப்ரல்ல 6.35 பக்கம். மெரைன் டிரைவ்ல இருந்து அழிமுகம் வரைக்கும் மெதுவாப் போற போட்டுக்கு அரை மணியிலருந்து முக்கால் மணி ஆகும். அப்போ சன்செட்டுக்கு ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடியாவது கயிறு அவுக்கணும், அதுக்கு அரை மணி முன்னாடி ஜெட்டில ஆள் இருக்கணும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, காலைல எட்டு மணிக்கு கோயம்புத்தூர்ல டிபன் சாப்ட்டுட்டு கெளம்பி, வழியில ரெண்டு எடத்துல நிறுத்தி, மதியச் சாப்பாடு முடிச்சு, ரூம் போட்டு, டிரெஸ் மாத்தி, இடப்பள்ளி டிராஃபிக்ல மாட்டி, சன்செட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடி வருவாங்க. அப்புறம் அவசரம்தான். லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு சொல்ல நேரமில்ல, ஆளை எண்ண நேரமில்ல, "ஏறுங்க ஏறுங்க சூரியன் போயிடும்"னு ஏத்திட்டு எஞ்சினை முறுக்குவான். இவங்களும் ரெண்டு மணி நேரத்துக்குக் காசு குடுத்துட்டோம்னு ராத்திரி எட்டு மணி வரைக்கும் சுத்தச் சொல்லுவாங்க. லேட்டா வந்தா டிரிப்போட நேரம் கொறையும், இருட்டுல நீளாது, இதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுத்துல போட்டுடறேன்.

2023 மே 7, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடி போட்டை மாத்தி டூரிஸ்ட் போட் ஆக்கி, அளவுக்கு மேல ஆளை ஏத்தி, பொழுது சாஞ்சப்புறம் ஓட்டிட்டுப் போயி கவுந்தது. 22 பேர் செத்துப் போனாங்க, அதுல 15 பேர் குழந்தைங்க. 2009 செப்டம்பர் 30 தேக்கடி, அதுவும் சாயங்கால டிரிப்தான், போட் கவுந்து 45 பேர் செத்துப் போனாங்க, நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களும் அதுல இருந்தாங்க. கரையில மிருகம் தெரியுதுன்னு எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சாங்கன்னு அப்போ தப்பிச்சவங்க சொன்னது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, போட்டோட கட்டுமானத்துலயே கோளாறுன்னும் பேசினாங்க. இதை ஏன் சொல்றேன்னா, சன்செட் போட்ல தினமும் நடக்கறதும் அதேதான். 6.20 ஆச்சுன்னா கீழ இருக்கறவங்க எல்லாம் மேல் தட்டுக்கு ஏறுவாங்க, மேல இருக்கறவங்க எல்லாம் மேற்குப் பக்கக் கம்பியில போய் ஒட்டிக்குவாங்க, போன் கையில. வெயிட் மேலயும் போகுது ஒரு பக்கமாவும் போகுது. அந்த நேரத்துல ஒரு பெரிய போட் கிட்டக்க போய் அதோட அலை பக்கவாட்டுல வந்து தட்டுச்சுன்னா போட்டு எவ்ளோ ஆடும்னு ஒரு தடவை பாத்தவங்களுக்குத் தெரியும். வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலுக்குக் கப்பல் வர்றதும் போறதும் இதே அழிமுகம் வழியாத்தான், அது நமக்காக ஒதுங்காது, ஒதுங்கவும் முடியாது. மேல் தட்டுல ஒரே நேரத்துல எத்தனை பேர் நிக்கலாம்னு போட் ஓட்டற ஸ்ராங்குகிட்ட கேட்டு, அத்தனை பேரை பேட்ச் பேட்ச்சா அனுப்புங்க. சன்செட் அஞ்சு நிமிஷத்துல முடியற சமாச்சாரம் இல்ல, எல்லாருக்கும் போட்டோ கெடைக்கும்.

பிரைவேட்னா போட் மட்டும்தான் உங்களுக்கு, ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான். 1917ல போட்ட பழைய சட்டத்தை மாத்தி 2021ல இன்லேண்ட் வெசல்ஸ் ஆக்ட் வந்துச்சு, ரெஜிஸ்ட்ரேஷன், சர்வே சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ், ஓட்டறவங்களுக்குத் தகுதிச் சான்று இதெல்லாம் கட்டாயம். கேரளாவுல போட் ஓட்டறவர் ஸ்ராங்கு, எஞ்சின் பாக்கறவர் டிரைவர், கயிறு புடிக்கறவர் லஸ்கர்னு தனித்தனி ஆளு. வாட்ஸ்அப்ல போட் போட்டோ அனுப்புவாங்க இல்ல, அதுக்குப் பதிலா போட்டோட பக்கவாட்டுல எழுதியிருக்கற கேஐவின்னு ஆரம்பிக்கற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும், எத்தனை பேர் ஏத்தலாம்னு போட்டிருக்கற போர்டும் தெரியற மாதிரி ஒரு போட்டோ கேளுங்க. நல்ல ஆபரேட்டர் ரெண்டே நிமிஷத்துல அனுப்பிடுவான். "அதெல்லாம் இருக்கு சார், நீங்க வாங்க"ன்னு சொன்னா அந்த ஆளை விட்டுடுங்க. ஏன்னா காட்டின போட் ஒண்ணு, ஜெட்டில வந்து நிக்கறது வேறொண்ணுங்கறது மெரைன் டிரைவ்ல சர்வ சாதாரணம், ஜிபேல ஃபுல் அமௌன்ட் போட்டவங்களுக்கு அப்போ வேற வழி இருக்காது. ஜெட்டில அந்த நம்பரை ஒத்துப் பாத்துட்டு மிச்சக் காசு குடுங்க. மடியில இருக்கற கைக்குழந்தையும் எங்க கணக்குல ஒரு ஆள்தான்.

டெக்கரேஷன் விஷயம் யாரும் பேசறதில்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். போன சீசன்ல ஒரு பர்த்டே குரூப்புக்காக டெக்கரேஷன் பையங்க மதியமே வந்து வேலையை முடிச்சிருந்தாங்க. பாக்க சூப்பரா இருந்துச்சு, பின்னாடி பெஞ்சு மேல ரோஸ் கோல்ட் பலூன் ஆர்ச், நடுவுல பேனர், கீழ சீரியல் லைட். நான் லஸ்கர்கிட்ட "ஜாக்கெட் எங்க சேட்டா"ன்னு கேட்டதுக்கு அவரு சிரிச்சுட்டே அந்த பலூனைத்தான் காட்டினாரு. லைஃப் ஜாக்கெட் பெட்டி அந்த பெஞ்சுக்கு அடியில, மூடியைத் திறக்கணும்னா ஆர்ச்சையே பிரிக்கணும், போதாததுக்கு சீரியல் லைட் வயரை பெட்டிக் கைப்பிடியில சுத்திக் கட்டியிருந்தாங்க. அவ்ளோத்தையும் கழட்டி முன்பக்கம் மாத்தச் சொன்னேன், பர்த்டே பொண்ணோட அம்மாவுக்கு முகமே சரியில்ல. ஏசி கேபின் உள்ள போட்டுல இன்னொண்ணும் பாருங்க, கண்ணாடி ஜன்னல் தொறக்கற மாதிரி இருக்கா, வெளிய போக ரெண்டு வழி இருக்கா, அதுல ஒண்ணை ஸ்பீக்கர் வெச்சோ கேக் டேபிள் வெச்சோ அடைச்சிருக்காங்களா. கம்பி மத்தாப்பு மாதிரி எரியற கேக் மெழுகுவத்தி, கலர் ஸ்மோக் இதுக்கெல்லாம் நான் ஒத்துக்கறதில்ல, ஃபைபர் போட்டு, கீழ டீசல், அதுக்கு மேல என்ன சொல்லணும். ட்ரோன் ஷூட்டும் கேக்காதீங்க, சுத்திலும் நேவி ஏரியா, தெற்குக் கடற்படைத் தலைமையகமே இங்கதான் இருக்கு, பறக்க விட்டா ட்ரோனோட போட்டோகிராபரையும் சேத்து விசாரிப்பாங்க.

லைஃப் ஜாக்கெட் போட்டா போட்டோல நல்லா இருக்காதுங்கற சண்டைக்கு நான் கண்டுபுடிச்ச வழி, ஜெட்டில கட்டியிருக்கும்போதே முதல் பதினஞ்சு நிமிஷம் போட்டோகிராபருக்கு விட்டுடறது. பட்டுப்புடவை, கோட்டு சூட்டு எல்லாம் அங்கயே எடுத்துட்டு அப்புறம் ஜாக்கெட் மாட்டினா யாரும் மொனகறதில்ல. குழந்தைங்களுக்குப் பெரியவங்க சைஸ் போடவே கூடாது. மாட்டினதும் தோள்பட்டைல ரெண்டு பக்கமும் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, ஜாக்கெட் காதைத் தாண்டி மேல வந்துச்சுன்னா தண்ணிக்குள்ள குழந்தை கீழ நழுவிடும், ஜாக்கெட் மட்டும் மெதக்கும். தொடைக்கு நடுவுல போற பட்டை இருக்கற சின்ன சைஸ் வேணும்னு வயசு, எடை சொல்லி முன்கூட்டியே கேட்டு வாங்குங்க. இல்லைன்னு சொன்னா கோயம்புத்தூர்லயே வாங்கிட்டுப் போங்க, பலூனுக்குச் செலவு பண்றதுதானே.

மழை விஷயத்துல ஜூன், ஜூலைல போகக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். அந்த மாசங்கள்ல கேரளாவுல இடி மின்னல் வர்றது பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே மதியம் 2 மணியிலருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் கவனமா இருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது. உங்க சன்செட் அதுக்கு நட்ட நடுவுல உக்காந்திருக்கு. காலைல வானம் நீலமா இருந்துச்சேன்னு நம்பாதீங்க, மதியம் ஒரு தடவை எச்சரிக்கை பாத்துட்டுத்தான் கெளம்பணும், நடுக்காயல்ல மின்னல் வந்தா ஒதுங்க இடமே கெடையாது. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் நான் தைரியமா புக்கிங் எடுப்பேன். மழை முடிஞ்ச புதுசுல இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை, காயல்ல பாய் விரிச்ச மாதிரி மெதந்து வரும், இருட்டுல தெரியாது, புரொப்பல்லர்ல சுத்திக்கிட்டா எஞ்சின் நின்னுடும், லஸ்கர் குனிஞ்சு கையை விட்டு அறுத்து எடுக்கற வரைக்கும் போட்டு நீரோட்டத்துல சும்மா போயிட்டிருக்கும். கப்பல் போற வழியில விளக்கு எரியாத போட் அப்படி நின்னா என்னாகும்னு நான் சொல்ல வேண்டாம். அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே, வெளிச்சம் இருக்கும்போதே, சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்கு மூணையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க. டான்ஸ் லைட் எரியுது சார்னு காட்டினா அது இல்ல.

குடி பத்தி ஒரே வரி. போட்ல சரக்கு சப்ளை பண்ண எக்சைஸ் பர்மிஷன் வேணும், அது இல்லாம "அரேஞ்ச் பண்ணித் தர்றேன்"னு சொல்ற ஆபரேட்டர் வேற எதுல எல்லாம் ரூல்ஸை மீறுவான்னு யோசிச்சுக்கோங்க.

பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா ஏறி எறங்கற அந்த ஒரு அடிதான் முக்கியம். போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அலைக்கு விரியும், சுருங்கும், ஒரு கால் இங்க ஒரு கால் அங்கன்னு நிக்கும்போது மகன் அந்தப் பக்கம் இருந்து கையைப் புடிச்சு இழுப்பாரு, பாட்டி தடுமாறுவாங்க. இழுக்காதீங்க, மணிக்கட்டைக் கெட்டியாப் புடிச்சுட்டு போட்டு ஜெட்டியோட ஒட்டற வரைக்கும் நில்லுங்க, லஸ்கர் சொன்னப்புறம் ஒரே எட்டு. எறங்கும்போது இருட்டா இருக்கும், ஜெட்டில லைட் இருக்கான்னு சாயங்காலமே பாத்து வெச்சுக்கோங்க, வீட்டுக்கு ஒருத்தர் கையில டார்ச்.

இவ்ளோ தலைவலியா, எங்களுக்குச் சும்மா சூரியனைப் பாத்தா போதும்னா ஹைகோர்ட் ஜெட்டில இருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ போகுது, 2023ல ஆரம்பிச்ச சர்வீஸ், இந்த ரூட் 2024ல வந்துச்சு, எலக்ட்ரிக் போட், ஏசி, ஆரம்பிச்சப்போ டிக்கெட் 40 ரூபா. கேக் வெட்ட முடியாது. ஃபோர்ட் கொச்சியில எறங்கி கரையில நின்னே கடல்ல சூரியன் எறங்கறதைப் பாத்துடலாம், லீவு நாள்ல மட்டும் திரும்பி வர்ற கியூ நீளமா இருக்கும்.

இல்ல, பிரைவேட் போட்தான் வேணும்னா அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுதியே வாங்கிக்கோங்க: போட் நம்பர், ஏத்தற ஆள் கணக்கு, கெளம்பற நேரம், ஜெட்டிக்குத் திரும்பற நேரம், வானிலை எச்சரிக்கை வந்து ரத்தானா காசு திரும்பக் கெடைக்குமா இல்ல தேதி மாத்துவாங்களா. கடைசில சொன்னதுக்கு ஒழுங்கா பதில் இல்லைன்னா, மழை வந்தாலும் அவன் போட்டை எடுத்துடுவான், ஏன்னா எடுக்கலைன்னா அவனுக்குக் காசு இல்ல.