கலவைத் திருகாணியைக் கடைசியாகத் தொடுங்கள்: கே-ஜெட்ரானிக் பெட்ரோலை அளக்கும் விதம்

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, வோல்வோ 240, சாப் 99 டர்போ, டிலோரியன் ஆகிய நான்கு கார்களும் தோற்றத்திலும் குணத்திலும் வேறுவேறு. ஆனால் நான்கிலும் பெட்ரோலை அளந்து தருவது ஒரே அமைப்புதான்: ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1973இல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக். பின்னாளில் சில கார்களில் ஆக்சிஜன் சென்சாரும் சிறிய மின்னணுப் பெட்டியும் அதனுடன் சேர்ந்தன. ஆனாலும் ஒரு தட்டும் நெம்புகோலும் பிளஞ்சர் என்ற நகரும் சிறு தண்டும் பெட்ரோலின் அழுத்தமும் சேர்ந்து கணக்குப் போடும் அடிப்படை மாறவில்லை.

இந்தக் கார்களில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) தடுமாறினாலோ கறுப்புப் புகை வந்தாலோ பலருடைய கை நேராக, காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைச் சரிசெய்யும் கலவைத் திருகாணிக்குப் போகிறது. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ எஞ்சின்கள் இப்படித்தான் கெட்டிருக்கின்றன. பழுது வேறு எங்கோ இருக்க, இந்தத் திருகாணியைத் திருப்பினால் இரண்டாவதாக ஒரு கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று, புனல் வடிவக் குழாய்க்குள் இருக்கும் வட்டத் தட்டைத் தள்ளிக்கொண்டுதான் எஞ்சினுக்குள் நுழைய முடியும். கொதிக்கும் பானையின் மூடியை ஆவி தூக்குவதுபோல, காற்று கூடக்கூடத் தட்டும் கூடுதலாக எழும். தட்டைத் தாங்கும் நெம்புகோல் ஒரு பிளஞ்சரை மேலே தள்ளும். அந்தப் பிளஞ்சர் இருக்கும் உருளையின் சுவரில் சிலிண்டருக்கு ஒன்றாக 0.2 மி.மீ. அகலத்தில் பிளவுகள் உண்டு. பிளஞ்சர் எழும்போது பிளவுகள் அதிகமாகத் திறந்து பெட்ரோல் கூடுதலாகப் பாயும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த ஏற்பாடு. ஒவ்வொரு பிளவுக்கும் மெல்லிய எஃகுச் சவ்வு கொண்ட ஒரு வால்வு இருக்கிறது. பிளவின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அது எப்போதும் சுமார் 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) அளவிலேயே வைத்திருக்கும். வேறுபாடு மாறாதபோது, பாயும் பெட்ரோலின் அளவு பிளவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. பிளவு இரு மடங்கு திறந்தால் பெட்ரோலும் இரு மடங்கு. அது இன்ஜெக்டர் வழியாக இடைவிடாமல் தூவப்பட்டு, இன்டேக் வால்வு திறக்கும்வரை அதன் பின்னால் காத்திருக்கும்.

பிளஞ்சரின் தலையை மேலிருந்தும் பெட்ரோல் அழுத்துகிறது. இதுதான் கட்டுப்பாட்டு அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்கும்போது அது சுமார் 3.7 பார். கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது 0.5 பார் வரை இறங்கும். மேலிருந்து வரும் எதிர்ப்பு குறைந்தால், அதே காற்றுக்குத் தட்டு அதிகம் எழுந்து கலவையில் பெட்ரோல் கூடும். எஞ்சின் சூடேறச் சூடேற, வார்ம்-அப் ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை மின்சாரத்தால் சூடாகி வளைந்து இந்த அழுத்தத்தை உயர்த்தும். ரெகுலேட்டர் பழுதானால் எந்தத் திருகாணியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

எனவே முதல் சோதனை காற்றுக்கசிவுக்கானது. தட்டைத் தாண்டிய பிறகு, வெடித்த ரப்பர் குழாய் வழியாகவோ இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள இறுகிப்போன வளையத்தின் வழியாகவோ நுழையும் காற்றைத் தட்டு அளப்பதில்லை. அந்தக் காற்றுக்குரிய பெட்ரோலும் வராது. ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அந்த வழியே அளக்கப்படாத காற்று புகுவதால், கசிவில்லாத எஞ்சின் உடனே தடுமாறும், சில சமயம் நின்றுவிடும். மூடியைத் திறந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஏற்கெனவே எங்கோ பெரிய கசிவு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் டைமிங், வால்வு இடைவெளி ஆகியவற்றையும் இப்போதே சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது அழுத்தம். பிளஞ்சரும் பிளவுகளும் இருக்கும் எரிபொருள் பகிர்விக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையே, அடைப்பு வால்வு கொண்ட அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்த வேண்டும். ரெகுலேட்டர் பக்கம் அடைத்தால் முழு அழுத்தம் தெரியும், பெரும்பாலும் 5 பாருக்கு அருகில். திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம். இரண்டும் அந்தக் காரின் கையேட்டோடு பொருந்திய பிறகே திருகாணியைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தத் திருகாணி புனலுக்கும் பகிர்விக்கும் நடுவே ஒரு துளையின் ஆழத்தில் இருக்கிறது. நீண்ட 3 மி.மீ. ஆலன் கீயை மெதுவாக இறக்க வேண்டும். கீழே அழுத்தினால் நெம்புகோல் அசைந்து அளவு பிசகும். வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் கூடும், இடப்புறம் திருப்பினால் குறையும். கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பினாலே போதும். பிறகு கீயை வெளியே எடுத்து, துளையை மூடி, ஒருமுறை ஆக்சிலரேட்டரைக் கொடுத்து, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு அளவு நிலைபெறும்வரை காத்திருந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. நெம்புகோல் எழும்போது கீ இடித்து அதை வளைத்துவிடும். ஐடிலிங் வேகத்துக்குத் தனித் திருகாணி இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் சற்று மாறும் என்பதால் இரண்டையும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கலவைத் திருகாணி, நெம்புகோலுக்கும் பிளஞ்சருக்கும் இடையிலான கோணத்தை மட்டும் சிறிது மாற்றுகிறது. பிளவு மிகக் குறைவாகத் திறந்திருக்கும் ஐடிலிங்கில் அந்தச் சிறு மாற்றம் பெரிதாகத் தெரியும். வேகமாகப் போகும்போது அதன் பங்கு மிகச் சிறியது. நெடுஞ்சாலையில் இழுவை குறைகிறது என்று இதைத் திருப்புபவருக்கு ஐடிலிங் கெடுவதுதான் மிச்சம். அந்தக் குறைக்குக் கட்டுப்பாட்டு அழுத்தத்தையும், பம்ப் ஒரு நிமிடத்தில் தரும் பெட்ரோலின் அளவையும், ஃபியூவல் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.