டிஃப் லோக், டிராக்‌ஷன் கண்ட்ரோல்: அச்சுப் பூட்டும் வெறுஞ்சுழல் தடுப்பும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய ஃபோர் வீல் காடி (வாகனம்) விற்பவர்கள் இரண்டு சொற்களை வைத்து விலையை ஏற்றுகிறார்கள். ஒன்று டிஃப் லோக், மற்றது டிராக்‌ஷன் கண்ட்ரோல். “ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இது பழசு, அது புதுசு” என்று சொல்லும் பட்டறைப் போர்மேன்களும் இருக்கிறார்கள். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து வீணாகச் சுற்றும் அந்த ஒரே சிக்கலுக்காக இரண்டும் வந்தவை என்ற அளவில் அது சரி. தீர்க்கும் வழிதான் வேறு. ஒன்று டிஃப்பின், அதாவது அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின், வேலையையே நிறுத்திவிடுகிறது. மற்றது டிஃப்பை அதன் போக்கில் விட்டு ஏமாற்றுகிறது. பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரு பெயரைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிஃப் என்பது டிஃபரன்ஷியலின் வாலறுந்த வடிவம். லத்தீனில் ‘டிஸ்’ என்றால் விலக, ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். இரண்டும் சேர்ந்து வெவ்வேறாகக் கொண்டுபோதல், அதிலிருந்து வேறுபடுதல் என்று பொருள் வந்தது. காடியில் வேறுபடுவது சக்கரங்களின் வேகம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.36 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் சக்கரங்கள் அச்சின் இரு முனையிலும் தனித்தனியாகச் சுற்றுகின்றன; இழுப்பது மாடு. ஓர் இயந்திரம் இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு வழியாகத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் இதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ஒனெஸிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர் 1820களின் பிற்பாதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

தமிழில் இதை ‘வகையீட்டுப் பல்லிணை’ என்று எழுத எனக்கு மனமில்லை. ‘வகை’ கணிதக்காரர்களுடைய சொல். வகையீடு, வகைக்கெழு எல்லாம் அங்கே நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பல்சக்கரப் பெட்டிக்கு ‘வேறுபாட்டுப் பல்லிணை’ போதும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை என்பதும் தெரியும். அங்கே டிஃப் டிஃப்பாகவே இருக்கட்டும்.

வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் இந்தக் கருவி, முறுக்கு விசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகவே பங்கிடும். இதை நுகத்தடியோடு ஒப்பிட்டால் எளிது. நடுவில் ஒரே முளையில் நிற்கும் நுகத்தடியில் ஒரு மாடு இழுக்காமல் தளர்ந்தால், மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தடி திரும்புமே தவிர வண்டி நகராது. மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடப்பதும் அதுதான். ஒரு சக்கரம் வாய்க்கால் ஓரச் சேற்றில் இறங்கினால் அதற்குப் பிடிமானம் இல்லை, ஆகவே அதற்கு விசையும் வேண்டியதில்லை. மறு சக்கரம் கெட்டித் தரையில் நின்றாலும் அதே அற்ப விசைதான் அதற்கும் கிடைக்கும். சேற்றில் உள்ளது இரட்டை வேகத்தில் சுற்றும், தரையில் உள்ளது சும்மா நிற்கும்.

டிஃப் லோக் அந்த நுகத்தடியை வண்டியோடு இறுக்கிக் கட்டிவிடுகிறது. இரண்டு சக்கரமும் ஒரே வேகம், அவ்வளவுதான். எதற்கும் காத்திருக்காது, எதையும் அளக்காது. இதற்கு ‘அச்சுப் பூட்டு’ என்பதே பொருத்தமான தமிழ் என்பேன். டிஃப் லோக் அளவுக்குச் சின்னச் சொல், பொருளும் நேரானது. இடது அரை அச்சும் வலது அரை அச்சும் பூட்டப்பட்டு ஒரே அச்சாகின்றன. அச்சு என்ற சொல்லுக்கும் வயது கொஞ்சமல்ல. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறினால் ‘அச்சிறும்’ என்கிறது குறள். பூட்டுப் போட்ட காடியிலும் அச்சு இறும். பூட்டாத டிஃப்பில் ஓர் அரை அச்சுக்கு வரும் விசை மொத்தத்தில் பாதியைத் தாண்டாது. பூட்டிய பின் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் முழு விசையும் மற்ற அரை அச்சு வழியாகவே போகும். அந்த நேரத்தில் எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) அழுத்துகிறவர்தான் உடைத்துக்கொண்டு வருவார்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கேமரன் மலையில் காய்கறி ஏற்றி ஓடும் லேண்ட் ரோவர்களில் டிஃபெண்டர் வகைக்கு டிஃப் லோக் உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நெம்புகோல் பூட்டுவது நடு டிஃப்பை. அதாவது முன்னச்சையும் பின்னச்சையும் இணைப்பதை. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிமானம் இழந்தால் அது போட்டும் பயனில்லை. தோயோத்தா ஹைலக்ஸின் சில மாடல்களில் பொத்தானாக வருவது பின் டிஃப்புக்கான பூட்டு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் டிஃப் லோக் என்றே பேர் போட்டு விற்கிறார்கள். தமிழில் ‘நடுப்பூட்டு’, ‘பின்னச்சுப் பூட்டு’, ‘முன்னச்சுப் பூட்டு’ என்று சொல்லிவிட்டால் விற்பவர் மழுப்ப முடியாது.

இனி டிராக்‌ஷன் கண்ட்ரோல். பெயரே விளக்காது என்றேனே, அது இதுதான். டிராக்‌ஷன், லத்தீன் ‘டிராஹெரே’யிலிருந்து வந்தது, பொருள் இழுத்தல். டிராக்டரும் அதே வேர். எனவே சொல்லுக்குச் சொல் வைத்து ‘இழுவைக் கட்டுப்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு இழுவையைக் குறைக்கும் கருவி போலத் தோன்றும். உண்மையில் அது கட்டுப்படுத்துவது இழுவையை அல்ல, சக்கரத்தின் வீண் சுழற்சியை. ஜெர்மன்காரர்கள் இதில் நேர்மையானவர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் தடையமைப்பை 1978ல் சந்தைக்குக் கொண்டுவந்த போஷ் நிறுவனம், 1986ல் இதையும் கொண்டுவந்தபோது வைத்த பெயரின் பொருள் ‘இயக்கும் சக்கரத்தின் வழுக்கலைச் சீராக்குதல்’. அந்த வழியில் போனால் தமிழில் ‘வெறுஞ்சுழல் தடுப்பு’ என்பது சரியாக வரும். ‘சறுக்கல்’ என்ற சொல்லை இதற்குச் செலவழிக்கக் கூடாது. காடியே பக்கவாட்டில் போவது சறுக்கல். நின்ற இடத்தில் டயர் மட்டும் சுற்றுவது வெறுஞ்சுழல். காடியைச் சறுக்காமல் காப்பதற்கு வேறோர் அமைப்பு இருக்கிறது, அந்தச் சொல் அதற்கு வேண்டும்.

வேலை செய்யும் விதம் இது. ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வேக உணரி, எது வெறுமனே சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்லும். கணினி அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். பாவம் டிஃப், அந்தப் பக்கம் பிடிமானம் கிடைத்துவிட்டதாக நம்பி மறு பக்கத்துக்கும் அதே அளவு விசையை அனுப்பும். பிரேக் 400 நியூட்டன் மீட்டர் எதிர்த்தால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு 400 போகும். அதற்கு இன்ஜின் அச்சுக்கு 800 கொடுத்தாக வேண்டும். பாதி பிரேக்கில் சூடாகி வீணாகிறது. நீண்ட சேற்றில் இப்படியே போனால் பிரேக் கொதித்து, பல காடிகளில் அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று, சக்கரம் முதலில் சுற்றினால்தான் இது விழித்துக்கொள்ளும். சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுக்கிறவர்களுக்கு இது வேலை செய்யாதது போலவே இருக்கும். எண்ணெயைச் சீராகப் பிடித்தபடி ஓரிரு நொடி பொறுக்க வேண்டும்.

1998ல் வந்த இரண்டாம் தலைமுறை டிஸ்கவரியில் இந்த மின்னணுத் தடுப்பை நம்பி லேண்ட் ரோவர் நடுப்பூட்டின் நெம்புகோலை எடுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், தொடக்க காலக் காடிகளில் பூட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது, இயக்கும் கம்பிதான் இல்லை. வாங்கியவர்கள் கம்பியை மாட்டிக்கொண்டார்கள்.

அதற்காகப் பூட்டுதான் உசத்தி என்று தோட்டப் பாதையில் சொல்லிவிட முடியாது. குன்றுச் சரிவில் படிபடியாக வெட்டிய செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் பாதைகள் பல ஒரு பக்கம் சாய்ந்தவை. பின்னச்சைப் பூட்டி அங்கே எண்ணெயை அழுத்தினால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழியும். பூட்டாமல் விட்டால் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது உருளாமல் மண்ணைக் கவ்விப் பின்புறத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மாதிரிப் பாதைக்கு வெறுஞ்சுழல் தடுப்பே பாதுகாப்பு. கோலா மூ பக்கம் காட்டுப் பாதையில் ஏறுகிறவருக்கு நிலைமை வேறு. ஆழமான தடம், ஒரு சக்கரம் அந்தரத்தில். அங்கே பின்னச்சுப் பூட்டு இல்லாவிட்டால் காடியை இழுக்கும் கயிற்று உருளையான வின்ச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும். ஏறி முடித்துத் தார்ச் சாலையைத் தொடுவதற்கு முன் பூட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் திருப்பத்தில் காடி நேராகப் போகப் பார்க்கும், உள்டயர் தேயும்.

பழைய காடி பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டியவை இரண்டுதான். பூட்டு உண்டு என்றால், நடுப்பூட்டா பின்னச்சுப் பூட்டா? பூட்டைப் போட்டால் வெறுஞ்சுழல் தடுப்பு முழுதும் அணைகிறதா, முன் சக்கரங்களுக்காவது மிஞ்சுகிறதா? இரண்டாவதற்கு விடை மாடலுக்கு மாடல் மாறும். விற்பவர் சொல்வதைவிடக் காடியின் கையேடு சொல்வதை நம்பலாம்.