தீவனத்தில் பவுடர் கலக்கும் முன்

மீன் வளரவில்லை என்று கூப்பிடும் பண்ணையாளர்கள் முதலில் கேட்பது, "எந்த பவுடர் போடலாம் சார்?" என்பதுதான். விடியற்காலையில் குளத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருந்தால் மீன் நன்றாகத் தின்னும். 3-க்குக் கீழே போனால் தீவனத்தையே ஒதுக்கிவிடும், அப்புறம் அதில் எதைக் கலந்து என்ன பயன்?

தண்ணீரும் அடிப்படைத் தீவனமும் சரியாக இருந்தால், சப்ளிமெண்ட்டுக்கு நிச்சயம் வேலை உண்டு. வைட்டமின் சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு அதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளத் தெரியாது, தீவனத்தில் வந்தால்தான் உண்டு. குறைந்தால் முதுகெலும்பு வளையும், காயம் ஆறாது, நோய் சுலபமாகத் தொற்றும். ஆனால் சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் காற்றிலும் சிதைந்துவிடும் என்பதால், மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த மூட்டையில் லேபிளில் போட்ட அளவு மிஞ்சியிருக்காது. பாஸ்பேட்டோடு சேர்ந்த வடிவம் தாக்குப்பிடிக்கும், அதையே கேட்டு வாங்குங்கள்.

புரோபயாட்டிக்கில், அதாவது மீனுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா கலவையில், பாசில்லஸ் வகை ஸ்போர் வடிவில் (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலையில்) இருப்பதால் சூட்டைத் தாங்கும், லாக்டோபாசில்லஸ் தாங்காது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் இரண்டையும் போடுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. ஈஸ்ட்டிலிருந்து வரும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் பீட்டா குளுக்கானை வருஷம் முழுக்கக் கொடுக்காமல், குஞ்சுகளை வேறு குளத்துக்கு மாற்றும் முன்போ பருவம் மாறும் முன்போ சில வாரம் கொடுத்து நிறுத்தச் சொல்வேன்.

பலரும் கோட்டைவிடுவது கலக்கும் இடத்தில்தான். பவுடரைத் தீவனத்தின் மேல் அப்படியே தூவி வீசினால், குளத்தில் விழுந்ததுமே அது கழன்று போகும், மீன் வாய்க்கு வெறும் தீவனம்தான் போய்ச் சேரும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தீவனத்தின் மேல் பரவலாகத் தெளித்துப் பிசறி, மேலாகப் பைண்டரோ (ஒட்டவைக்கும் பசை) மீன் எண்ணெயோ பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே போட்டுவிடுங்கள். கலந்ததில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உடனே கலங்கினால் பூச்சு பிடிக்கவில்லை.

இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாமல் "வளர்ச்சி ஊக்கி" என்று மட்டும் போட்ட பாக்கெட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால், உணவு மீனுக்கு அது பல நாடுகளில் தடை செய்யப்பட்டது, தசையில் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால் அறுவடை மொத்தமும் திரும்பி வரும். நல்ல சரக்காகவே இருந்தாலும் முதலில் ஒரு குளத்தில் மட்டும் போட்டு, போடாத குளத்து மீனையும் சேர்த்து எடை பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரிந்த பிறகு மற்ற குளங்களுக்கு வாங்குங்கள்.